சினை மாட்டை விடாமல் ஊட்டும் பெரிய கன்று: எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்வது

மாடு மறுபடி சினையாகி ஏழு மாதம் நெருங்குகிறது. முந்தின ஈத்துக் கன்று இன்னும் மடியை விடவில்லை, ஊட்டிக்கொண்டே, அதாவது காம்பில் வாய்வைத்துப் பால் குடித்துக்கொண்டே இருக்கிறது. கட்டிப் பார்த்தாச்சு, சாணம் பூசிப் பார்த்தாச்சு, விரட்டிப் பார்த்தாச்சு. அப்படியும் காலையில் போய்ப் பார்த்தால் மடி சூம்பிக் கிடக்கிறது. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் உம்பளச்சேரி மாடு வைத்திருக்கும் வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். கலப்பின மாடு வைத்திருப்பவர்கள் பிறந்த சில நாளிலேயே கன்றைப் பிரித்துத் தனியாகப் பால் வைத்துவிடுவார்கள். உம்பளச்சேரி மாடு அப்படியில்லை, கன்று முட்டினால்தான் சுரப்பு விடும். அதனால் கன்றை ஒட்டியே வளர்க்கிறோம், பிரிக்கிற நேரம் வந்ததும் தடுமாறுகிறோம்.

எனக்குத் தெரிந்தவரை இதில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் ஒரே காரணத்தால் வருகிறது. பிரித்துவிட்டோம் என்று நினைப்போம், ஆனால் பிரிப்பு முழுதாக இருக்காது. நாளுக்கு ஒரு தடவை, இரண்டு நாளுக்கு ஒரு தடவை கன்று எப்படியோ ஊட்டிக்கொண்டுதான் இருக்கும். அது தெரியாமல் வேறு வைத்தியம் தேடுவோம். கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியையும் அந்தச் சந்தேகத்தோடு படியுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் ஒரு கன்றை இழந்திருக்கிறேன். எங்கள் வெள்ளச்சிக்கு மூன்றாம் ஈத்து. பெரிய கன்று பாவம், குடித்துவிட்டுப் போகட்டும் என்று கடைசி வரை விட்டுவிட்டேன். வெள்ளச்சி ஈன்ற அன்றைக்குக் காம்பைப் பீய்ச்சிப் பார்த்தால், மஞ்சளாக, கெட்டியாக, விரலில் ஒட்டவேண்டிய சீம்பால் வரவில்லை. வெள்ளையாகத் தண்ணீர் மாதிரி வந்தது. புதுக் கன்று எழுந்து நின்றது, குடித்தது, நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் கழிய ஆரம்பித்தது. ஒன்பதாம் நாள் போய்விட்டது. மாட்டுக்கு நோயெதிர்ப்புச் சக்தி தாய் வயிற்றில் இருக்கும்போதே கன்றுக்குப் போவதில்லை, முதல் சில மணி நேரத்தில் குடிக்கும் சீம்பால் வழியாகத்தான் போகும் என்று டாக்டர் அப்புறம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு நாள் தாண்டிவிட்டால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. அந்தச் சீம்பால் ஈனுவதற்கு முந்தின சில வாரங்களில் மடியில் ஊறுகிறது. அந்த வாரங்களில் பெரிய கன்று ஊட்டினால், தம்பிக்கோ தங்கைக்கோ உள்ளதை அது குடித்துவிடுகிறது.

முதலில் தேதியைப் பிடியுங்கள்

பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். சினை ஊசி போட்ட தேதியோடு 9 மாதம், அதற்கு மேல் ஒரு வாரம், பத்து நாள் கூட்டிக்கொள்ளலாம். எருமைக்கு இன்னும் ஒரு மாதம் கூடும். ஈனுவதற்கு 60 நாள் முன்னால் மடி முழுதாக வற்றியிருக்க வேண்டும். அதற்கும் மூன்று வாரம் முன்னால் கன்றைப் பிரிக்கும் வேலையை ஆரம்பிக்க வேண்டும். ஆகஸ்ட் 1ஆம் தேதி ஊசி போட்டிருந்தால் மே 8 வாக்கில் ஈனும். மார்ச் முதல் வாரத்துக்குள் மடி வற்ற வேண்டும், பிப்ரவரி நடுவில் வேலையைத் தொடங்க வேண்டும். ஊசி போட்ட நாளைத் தினசரி காலண்டர் தாளில் குறித்தால் மறுநாள் கிழித்துப் போட்டுவிடுவோம். கொட்டகைச் சுவரில் கரியால் எழுதுங்கள்.

மேய்ச்சலில் காளை சேர்ந்து சினையான மாட்டுக்குத் தேதி தெரியாது. மாட்டாஸ்பத்திரியில் கைவிட்டுப் பார்த்து மாதம் சொல்லிவிடுவார்கள். வீட்டில் பார்ப்பதானால், மாட்டின் வலது விலாவுக்குக் கீழே கன்று அசைவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று தண்ணீர் குடித்தபின் கவனியுங்கள். தெரிந்தால் ஆறு, ஏழு மாதம் தாண்டியிருக்கும். உடனே பிரிக்க வேண்டியதுதான்.

பெரிய கன்று பாலில்லாமல் தாங்குமா என்ற கவலை வேண்டாம். உம்பளச்சேரிக் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நிறம் மாறி முடிந்த கன்று வைக்கோலும் பச்சையும் அசைபோட்டு வாழத் தெரிந்த கன்று. அதற்குப் பால் ஒரு பழக்கம்தான், தேவையில்லை.

அறிகுறி: கட்டித்தான் வைத்திருக்கிறோம், ஆனால் மடி காலியாகவே இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் கோளாறு. முதலில் கன்று ஊட்டுகிறதா என்று உறுதி செய்யுங்கள். காலையில் காம்புகளைக் கிட்டே உட்கார்ந்து பாருங்கள். ஊட்டாத காம்பில் தூசியும் சாணிப் பொட்டும் காய்ந்து ஒட்டியிருக்கும். ஊட்டிய காம்பு கழுவிவிட்டது போல் பளிச்சென்று, நுனி சற்றுச் சிவந்து இருக்கும். பெரும்பாலும் நான்கும் அப்படி இருக்காது. கன்று நின்ற பக்கத்து இரண்டு காம்பு மட்டும் சுத்தமாக இருக்கும். அதை வைத்தே எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். சந்தேகம் தீரவில்லையா? ராத்திரி படுக்கப்போகும் முன் நான்கு காம்பிலும் மஞ்சளைக் குழைத்துத் தடவிவிடுங்கள். விடியற்காலையில் கன்றின் மூக்கைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மூக்கு மஞ்சளாகத்தான் இருந்தது. கன்று தும்போடு கட்டியிருக்கிறது, நடுவில் மூங்கில் படல் இருக்கிறது, எப்படி என்று புரியவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து படலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, கன்னையா பாக்குற? தாயப் பாரு. அதுதான் பின்பக்கத்தக் கொண்டாந்து படல்ல வைக்குது" என்றார். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். வெள்ளச்சி தன் தும்பின் கடைசி நீளம் வரை பின்னால் நகர்ந்து, படலோடு ஒட்டி நிற்கிறது. கன்று ஒரு சாண் இடைவெளியில் மூக்கை நீட்டி ஊட்டுகிறது. கன்றைக் கட்டினால் மட்டும் போதாது, தாயும் தேடி வரும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

சரி, செய்ய வேண்டியது என்ன? படல் வைத்துப் பிரிப்பதானால் இரண்டு படல் வையுங்கள், நடுவில் குறைந்தது ஆறடி விடுங்கள். ஒன்றையொன்று பார்க்கலாம், மோப்பம் பிடிக்கலாம், மடி மட்டும் எட்டக் கூடாது. இப்படிப் பார்வையில் வைத்துப் பிரித்தால் இரண்டும் குறைவாகவே கத்தும். கன்றின் தும்பைத் தினமும் பாருங்கள். கன்று பல்லால் அரைத்தே கயிற்றை அறுக்கும். தென்னங்கயிறு சீக்கிரம் போகும், அந்த ஒரு மாதத்துக்குச் சங்கிலி போடலாம்.

படல் வைக்க இடமில்லாத வீட்டில் மூக்கில் மாட்டும் தட்டு உதவும். தீவனக் கடைகளில் பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. மூக்கைக் குத்தாமல் இரு நாசிக்கும் நடுவில் மாட்டலாம். கன்று குனிந்து புல் தின்னலாம், தண்ணீர் குடிக்கலாம், காம்பை மட்டும் வாயில் பிடிக்க முடியாது. ஒரு வாரம் தாயோடேயே விட்டுத் தட்டோடு பழக்கி, அப்புறம் பிரித்தால் கன்றுக்குப் பாலை மறப்பது முதல் வருத்தம், தாயைப் பிரிவது இரண்டாவது வருத்தம் என்று தனித்தனியாக வந்து போகும். இரண்டும் ஒரே நாளில் வருவதைவிட இது எவ்வளவோ மேல். கருவேல முள்ளைப் பட்டையில் வைத்து மூக்கில் கட்டும் பழைய வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். குத்தினால் தாய் உதைக்கும் என்பதற்காகத்தான் அதைக் கட்டுகிறோம். ஆனால் சாதுவான தாய் உதைக்காமல் பொறுத்துக்கொள்ளும், மடியெல்லாம் கீறலாகிவிடும். கூர்முனை உள்ள இரும்பு வளையத்துக்கும் இதேதான். வாய்க்கூடு போட்டால் தீனிக்கும் தண்ணீருக்கும் தவறாமல் கழற்ற வேண்டும். வெயில் காலத்தில் மறந்துவிட்டால் கன்று வாடிவிடும்.

காம்பில் சாணம் பூசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். கன்று இரண்டு தடவை முகம் சுளிக்கும், மூன்றாம் தடவை நக்கிவிட்டுக் குடிக்கும். சாணத்தில் இருக்கும் கிருமி காம்புத் துளையில் ஏறினால் மடிநோய்தான் மிச்சம். வேப்பெண்ணெய் பரவாயில்லை, ஆனால் அதை மட்டும் நம்பிக் கன்றை அவிழ்த்துவிட முடியாது.

அறிகுறி: கொட்டகையில் ஒழுங்காக இருக்கிறது, மேய்ச்சலுக்குப் போய்வந்தால் மடி காலி

இது நம் டெல்டாவின் கோளாறு. சம்பா, தாளடி அறுப்புக்குப் பின் வயலில் உளுந்தும் பயறும் நிற்கும்வரை மாட்டை யாரும் அவிழ்த்துவிட மாட்டார்கள். அந்த இரண்டு மாதம் பிரிப்பு தானாகவே நடக்கும். உளுந்து பிடுங்கியதும் ஊர் மாடெல்லாம் திறந்த வயலில் மேயும். மேட்டூர் திறந்து, குறுவைக்குத் தண்ணீர் வரும்வரை அப்படித்தான். கொட்டகையில் நாற்பது நாள் காப்பாற்றியதைக் கன்று அங்கே ஒரு மத்தியானத்தில் கெடுத்துவிடும். வற்றிய காம்பின் நுனியில் மெழுகு மாதிரி ஒரு அடைப்பு உருவாகியிருக்கும், அதுதான் கிருமி ஏறாமல் காப்பது. கன்று ஒரே ஒரு தடவை ஊட்டினாலும் அந்த அடைப்பு பிய்ந்துவிடும், மடியும் மறுபடி ஊறத் தொடங்கும்.

தாயை மேயவிட்டால் கன்று கொட்டகையில் இருக்கட்டும், கன்றை விட்டால் தாய் இருக்கட்டும். இரண்டையும் விட்டே ஆக வேண்டும் என்றால் கன்றுக்கு மூக்குத் தட்டு கட்டாயம். எல்லாவற்றையும்விட நல்லது, கன்றை ஒரு மாதம், இரண்டு மாதம் வேறு ஊரில் உறவுக்காரர் வீட்டில் விட்டுவிடுவது. எங்கள் கிடாரியை மாமா வீட்டுக்கு அனுப்பினேன், அவர்கள் தீனிச் செலவுக்கு வைக்கோல் கொடுத்தேன். அந்த வருஷம் எந்தத் தொல்லையும் இல்லை.

அறிகுறி: கன்று ஓயாமல் கத்துகிறது, தீனி எடுக்கவில்லை

முதல் மூன்று நாள் கத்தத்தான் செய்யும். இரண்டாம் நாள் ராத்திரிதான் மோசம், தாயும் சேர்ந்து கத்தும். மனசு கேட்காமல் ஒரு தடவை அவிழ்த்துவிடாதீர்கள். விட்டால் கத்தினால் பால் கிடைக்கும் என்று கன்று கற்றுக்கொள்ளும், அடுத்த தடவை ஒரு வாரம் கத்தும். நான்கு, ஐந்து நாளில் தொண்டை கட்டி அடங்கிவிடும்.

தீனி எடுக்காதது வேறு விஷயம். அதற்குக் காரணம் பிரிப்புக்கு முன்னால் கன்றைத் தீனிக்குப் பழக்காததுதான். மூன்று வாரம் முன்பே தனித் தொட்டியில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கொஞ்சம் தாது உப்பும் கலந்து வைக்க ஆரம்பியுங்கள். தினமும் ஒரு கிலோ வரை தானாகத் தின்னும் நிலைக்கு வந்தபின் பிரித்தால் கன்று இளைக்காது. வெறும் வைக்கோலில் வளரும் கன்றுக்குச் சதை பிடிக்காது, அதில் புரதம் மிகக் குறைவு. அகத்தி, வேலிமசால், கோ 4 புல் என்று ஏதாவது பச்சை வேண்டும். காய்ந்த உளுந்தங்கொடியை மழை படாமல் அடுக்கி வைத்திருந்தால் அது கன்றுக்கு அருமையான தீனி. கையால் ஒரு பிடி எடுத்து வாயில் கொடுத்துப் பாருங்கள், கத்திக்கொண்டிருக்கும் கன்றுகூட அதை மென்றுகொண்டே கொஞ்சம் அடங்கும்.

ஐந்து நாளுக்கு மேலும் தின்னவில்லை, அசைபோடவில்லை, மூக்கு காய்ந்திருக்கிறது என்றால் அது ஏக்கமில்லை, நோய். டாக்டரைக் கூப்பிடுங்கள். கோமாரி ஊசி, கொம்பு சுடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது எதையும் பிரிக்கும் வாரத்தில் வைக்காதீர்கள்.

அறிகுறி: பிரித்தபின் கன்றுக்கு வயிறு தொங்குகிறது, மயிர் சிலிர்த்து நிற்கிறது

குடற்புழு. பால் இருந்தவரை தெரியாமல் இருந்தது இப்போது வெளியே தெரிகிறது. நம் வயல் ஓரத்தில், வாய்க்கால் கரையில் மேயும் மாடுகளுக்கு நத்தை வழியாகத் தட்டைப்புழு வரும். தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்திருந்தால் அதைச் சந்தேகப்படலாம். சாணத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதனை செய்து மருந்து வாங்குங்கள். கன்றுக்கு வாங்கின மருந்தைச் சினை மாட்டுக்கும் ஊற்றிவிடாதீர்கள், சில புழு மருந்து சினைக்கு ஆகாது.

அறிகுறி: தாயின் மடி வீங்கிக் கனத்திருக்கிறது

பார்த்ததும் பயந்து பீய்ச்சிவிடத் தோன்றும். அங்கேதான் தவறு. மடி நிறைந்து அழுத்தம் ஏறினால்தான் உடம்பு பால் ஊறுவதை நிறுத்தும். கொஞ்சம் பீய்ச்சினால் மறுபடி ஊறும். மூன்று, நான்கு நாள் வரை வீக்கம் கூடும், அப்புறம் தானாக வற்றி இரண்டு வாரத்தில் தோல் சுருங்கித் தொங்கும். இரண்டு, மூன்று லிட்டர் கறக்கும் நாட்டு மாட்டுக்கு ஒரேயடியாக நிறுத்துவதில் கஷ்டமில்லை. நிறைய கறக்கும் கலப்பின மாட்டுக்கு ஒரு வேளை, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்து வந்து நிறுத்தலாம். அந்த நாட்களில் புண்ணாக்கையும் தவிட்டையும் நிறுத்தி வைக்கோல் மட்டும் போடுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் வற்றத் தண்ணீர் காட்டக் கூடாது என்று சொல்வார்கள், ஆனால் சித்திரை வெயிலில் வயிற்றில் கன்றோடு நிற்கும் மாட்டுக்கு அது கொடுமை.

சாதாரண வீக்கமா, மடிநோயா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். சாதாரணம் என்றால் நான்கு பாகமும் ஒரே மாதிரி வீங்கும், தொட்டால் விடும், மாடு தின்னும், அசைபோடும். மடிநோய் என்றால் பெரும்பாலும் ஒரு பாகம் மட்டும் கல் மாதிரி இருக்கும். புறங்கையை வைத்தால் மற்ற பாகத்தைவிடச் சூடு தெரியும். தொட்டால் காலைத் தூக்கும். அந்தக் காம்பில் மட்டும் இரண்டு தடவை கறுப்புத் துணியில் பீய்ச்சுங்கள். திரிதிரியாக, தண்ணீராக, ரத்தம் கலந்து வந்தால் சந்தேகமே வேண்டாம். அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போக முடியாவிட்டால் 1962க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அதுவரை, சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்துத் தண்ணீரில் நெகிழ்த்தி, மடியைக் கழுவிவிட்டு நாள் முழுக்கப் பல தடவை தடவலாம். நம் பக்கத்துக் கால்நடை மருத்துவர்களே சொல்லிக்கொடுக்கும் பக்குவம் இது. காய்ச்சல் இருந்தால் இதோடு நின்றுவிடாதீர்கள்.

முன்பு மடிநோய் கண்ட மாடு என்றால் பால் நிறுத்தும் அன்றைக்கே காம்புக்குள் ஏற்றும் மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பால் நிறுத்த வேண்டி வந்தால் படுக்கும் இடத்தில் காய்ந்த மணலோ கூளமோ போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள்.

மடி வற்றியதும் தீனியைத் திரும்பக் கூட்டுங்கள். வயிற்றுக் கன்று வளர்வதில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில்தான்.

அறிகுறி: தாயை விட்டுவிட்டது, ஆனால் வேறு மாட்டை, வேறு கன்றை ஊட்டுகிறது

தனியாகக் கட்டுங்கள், மூக்குத் தட்டைக் கழற்றாதீர்கள். பக்கத்தில் கிடாரி இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஈனாத கிடாரியின் காம்பை இன்னொரு கன்று சப்பிக்கொண்டே இருந்தால் அந்தக் காம்பு கெட்டுப்போகும், ஈன்ற பிறகுதான் தெரியவரும்.

அறிகுறி: ஈன இரண்டு வாரம்தான் இருக்கிறது, கன்று இன்னும் ஊட்டிக்கொண்டிருக்கிறது

தேதி தப்பிவிட்டது, ஆனாலும் இன்றைக்கே பிரியுங்கள். பழக்கும் வாரமெல்லாம் இனி கிடையாது. கன்றை வேறு வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள். இரண்டு வாரத்தில் கொஞ்சமாவது சீம்பால் ஊறும். அதை மட்டும் நம்பாமல், ஊரில் யார் வீட்டு மாடு அந்தச் சமயத்தில் ஈனும் என்று விசாரித்து வையுங்கள். அந்த மாட்டின் முதல் பீய்ச்சுச் சீம்பாலைக் கேட்டு வாங்கிச் சுத்தமான பாத்திரத்தில் ஃப்ரீசரில் வைக்கலாம். தேவைப்படும்போது பாத்திரத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கி உருக்குங்கள். அடுப்பில் வைத்தால் திரிந்துபோகும், சத்தும் போய்விடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடிக்க வேண்டும், முதல் நாளுக்குள் அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும். 20 கிலோக் கன்றுக்கு 2 லிட்டர். வெல்லம், ஏலக்காய் போட்டு வேகவைக்க எங்களுக்கும் கொஞ்சம் என்று யாராவது வந்தால், கன்று குடித்த மிச்சத்தை மறுநாள் கொடுங்கள்.

அறிகுறி: புதுக் கன்று பிறந்தபின் பெரிய கன்று திரும்ப மடிக்கு வருகிறது

இரண்டு மாதம் பிரிந்திருந்த கன்றுக்குக்கூட ஈன்ற மடியின் வாசனை பட்டால் பழைய ஞாபகம் வந்துவிடும். அது பெரியது, ஒரே முட்டில் புதுக் கன்றை ஒதுக்கிவிடும். ஈன்று ஒரு மாதமாவது அதைக் கிட்டே கொண்டுவராதீர்கள். அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், புதுக் கன்று வயிறு நிறையக் குடித்து முடித்த நேரமாகப் பார்த்து, பெரிய கன்றைக் கயிற்றில் பிடித்துத் தாயின் பக்கம் நடத்துங்கள். தொட்டியில் பச்சை போட்டு வையுங்கள். அது தலையைப் பச்சைக்குக் கொடுத்தால் அந்தக் கொட்டகையிலேயே கட்டலாம். மடிப் பக்கம் குனிந்தால் திரும்ப ஓட்டிக்கொண்டு போய், இன்னும் ஒரு மாதம் கழித்துப் பார்க்க வேண்டியதுதான். எங்கள் கிடாரி இரண்டாம் தடவையில்தான் அகத்திக்குத் தலை கொடுத்தது.